கடலுக்குள் ஒரு கண்: ழாக் கூஸ்தோ

பிரான்சு நாட்டின் போர்தோ நகரையடுத்த சேன் ஆந்த்ரே த குப்ஸாக் என்னும் சிற்றூரில் 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தவர் ழாக் கூஸ்தோ. கடற்படையில் சேர்ந்து விமானியாக விளங்கவேண்டும் என்பதே அவர்தம் இளமைக் கனவு. கார் விபத்தொன்று அதனைக் குலைத்தது. ஊறுபட்ட கைகளுக்கு வலுவேற்றத் தூலோன் நகர்க் கடலில் நீந்தினார். நீச்சற்கண்ணாடி அணிந்து நீருக்குள் நோக்கினார். அந்த ஒரு நோக்கு வாழ்வின் திசையையே மாற்றிற்று.

அந்நாளில் நீர்மூழ்குவோர் மேலிருந்து குழாய்வழிக் காற்றுப்பெற்றுக் கனத்த தலைக்கவசத்துடன் கடலடியில் நடந்தனர். அன்றேல், மூச்சடக்கிச் சிறுபொழுதே உள்ளிருந்தனர். இருவகையாலும் மீனொடு மீனாய் உலவிப் படமெடுத்தல் அரிது. 1943இல் எமில் கான்யான் என்னும் பொறியாளருடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘அக்குவாலங்’ கருவி இத்தளையை அறுத்தது. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில், எரிவாயுவால் ஓடிய வண்டிகளுக்கென அமைந்த வால்வே அதற்கு மூலம். மூச்சிழுக்கும்போது மட்டும், சூழ்ந்த நீரின் அழுத்தத்துக்கு ஈடாக அது காற்றை வழங்கும். திரைப்படச் சுருள் கிடைக்காத அந்நாளில், நிழற்படச் சுருள்களை இருளில் ஒன்றோடொன்று ஒட்டிப் பயன்படுத்தினர் என்பது அவர்தம் வேட்கைக்குச் சான்று.

லூயி மால் என்னும் இளைஞருடன் அவர் இயக்கிய ‘மௌன உலகம்’ 1956இல் கான் விழாவின் தங்கப்பனை விருதினையும் பின்னர் ஆஸ்கர் விருதினையும் பெற்றது. புகழ்பெற்ற அப்படத்தில் நெஞ்சை உறுத்தும் ஒரு பகுதி உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டத்தை அவரது ‘கலிப்ஸோ’ கப்பல் பின்தொடர்கிறது. குட்டியொன்று கப்பலின் சுழல்விசிறியில் சிக்கிக் குருதி சிந்துகிறது. அதன் துயர் தீர்க்கச் சுட்டுக் கொல்கின்றனர். குருதி நுகர்ந்து சுறாக்கள் வந்து மொய்க்க, கூண்டுக்குள் இருந்தவாறு அக்காட்சியைப் படமாக்குகின்றனர். பின்னர்ச் சினங்கொண்ட மாலுமிகள் சுறாக்களை மேலேற்றி அடித்துக் கொல்கின்றனர்.

குட்டி இறந்தது விபத்தால் எனலாம். சுறாக்கள் செய்த பிழை யாது? அக்காலத்து மனப்போக்கு அது என அமைதி கூறுவாரும் உளர். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. ஆயினும், வெட்டி எறிந்திருக்கக்கூடிய காட்சிகளை வெட்டாது உலகின் முன் வைத்தார் என்பதனையும் மறுத்தற்கில்லை.

திமிங்கிலம் என்பதே ‘திமி என்னும் பெருமீனை விழுங்குவது’ எனப் பொருள்தரும் வடசொல். விழுங்கும் பூதமாகவே மாந்தர் அதனை நெடுங்காலம் எண்ணினர். கூஸ்தோ 1972இல் பிலிப் தியோலேயுடன் எழுதிய பிரெஞ்சு நூலின் தலைப்போ, திமிங்கிலங்களை நம் தோழியர் என்கிறது! அதற்குள் அவர் குழுவினர் பாஹா கலிபோர்னியாவின் உப்பங்கழிகளில் சாம்பல் திமிங்கிலங்களை அண்மையில் நின்று படமெடுத்திருந்தனர். 1960இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டப்படுவதை எதிர்த்தவர், பின்னாளில் திமிங்கில வேட்டைத் தடைக்கும் குரல் கொடுத்தார். பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1982இல் வணிக வேட்டையை நிறுத்திவைக்க முடிவுசெய்தது.

1979இல் மகன் பிலிப் விமான விபத்தில் மறைந்தார். 1996இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கலிப்ஸோ மோதுண்டு மூழ்கியது. மறு ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தம் 87ஆம் அகவையில் கூஸ்தோ பாரிசில் மறைந்தார். கடலில் வாழ்ந்த அவரைப் பிறந்த ஊரின் மண்ணிலேயே அடக்கம் செய்தனர்.