காணாக் கதிரைக் கண்டவர்

சைலீசியா என்னும் நிலப்பகுதியின் பெரும்பங்கு இன்று போலந்து நாட்டைச் சார்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பிரசிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே சாமிட்சு என்னும் சிற்றூரில், கிறித்தவ சமயகுரு ஒருவரின் மகனாக, 1776ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் யோகான் வில்லெம் இரிட்டர் பிறந்தார். 14ஆம் வயதில் இலீக்னிட்சு நகரத்து மருந்துக் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். அரைத்தும் காய்ச்சியும் வடித்தும் வந்த அச்சிறுவருக்கு, பொருள்கள் ஒன்றோடொன்று கூடி வேறாகும் விந்தையே கல்வியாயிற்று.

1796இல் அவர் யேனாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அந்நாளில் அந்நகர் புலவர்களும் தத்துவ அறிஞர்களும் கூடிய இடமாய் விளங்கிற்று. பெருங்கவிஞர் கேதே அவருடைய ஆய்வுகளில் ஆர்வம் கொண்டார். புகழ்பெற்ற அம்போல்ட்டு, தாம் எழுதிய நூலைப் பார்வையிடுமாறு இவ்விளைஞரிடம் தந்தார். முறையாகப் பயின்று பட்டம் பெறாத ஒருவருக்கு இஃது எளிதில் கிட்டும் பெருமையன்று.

இயற்கையில் எதுவும் தனித்து நில்லாது; ஒவ்வொன்றிற்கும் எதிரிணை உண்டு என்பது இரிட்டரின் உறுதியான கொள்கை. காந்தத்திற்கு இரு முனைகள். மின்சாரத்திற்கும் நேர், எதிர் என இரு நிலைகள். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் எர்செல், ஞாயிற்றின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒன்றும் தோன்றாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் மிகுந்திருந்தது. இச்செய்தியைக் கேட்ட இரிட்டர், சிவப்புக்கு அப்பால் ஒரு கதிர் உண்டெனின் மறுகோடியிலுள்ள ஊதாவிற்கு அப்பாலும் ஒன்று இருத்தல் வேண்டும் என எண்ணினார்.

எண்ணுதல் எளிது, காட்டுதல் அரிது. கண்ணுக்குத் தெரியாததைக் காணும் கருவி எங்கே? மருந்துக் கடையில் பெற்ற பழக்கம் இங்கே கைகொடுத்தது. வெள்ளிக் குளோரைடு என்னும் வெண்ணிற உப்பு ஒளி பட்டால் கறுக்கும். பிற நிறங்களைவிட ஊதா நிறமே அதனை விரைவிற் கறுப்பாக்கும். இதனைச் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் சீலே முன்பே அறிவித்திருந்தார். இரிட்டர் அவ்வுப்பைப் பூசிய தாளை நிறமாலையின்மீது விரித்தார். ஊதா நிறம் விழுந்த இடத்தினும், அதனை அடுத்து ஒளியே தோன்றாத வெற்றிடத்தில் தாள் மிகுதியாகக் கறுத்தது! அந்நாள் 1801ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22. அன்று அவர் கண்டதையே நாம் புற ஊதாக் கதிர் என வழங்குகின்றோம்.

அக்கதிரின் பயன்களுள் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். நம் உடலைக் கட்டும் புரதங்கள் கட்புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் தடையின்றி விடுத்துவிடும். ஆனால் 280 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை, அவற்றிலுள்ள டிரிப்டோபன், டைரோசின் என்னும் அமினோ அமிலங்கள் உறிஞ்சிக்கொள்ளும். புரதத்தின் இணைப்புகளோ 200 நானோமீட்டரை ஒட்டிய கதிரை உறிஞ்சும். வலமாகவும் இடமாகவும் சுழலும் கதிர்களைச் செலுத்தி, உறிஞ்சப்படும் வேற்றுமையை அளந்தால், அப்புரதச் சங்கிலி எவ்வளவு பகுதி திருகுசுருளாய் வளைந்துள்ளது என்பது புலனாகும். கறுக்கும் தாளின் இடத்தில் இன்று சிலிக்கான் முதலிய குறைகடத்திகள் நின்று, தம்மேல் விழும் கதிரை மின்னோட்டமாக மாற்றி அளவு காட்டுகின்றன. அவற்றுள் காலியம் நைட்ரைடு என்பது வியப்பிற்குரியது. ஏறத்தாழ 365 நானோமீட்டருக்குக் குறைந்த அலைகளையே அது உணரும். நாம் காணும் ஒளி அதற்கு இருளே.

மின்சாரத்திலும் இரிட்டர் அரியன செய்தார். வோல்ட்டாவின் மின்னடுக்கு வெளிவந்த 1800ஆம் ஆண்டிலேயே நீரை இரு வாயுக்களாகப் பிரித்துத் தனித்தனியே திரட்டினார். 1803இல், செப்புத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, மின்சாரத்தைச் சேமிக்கும் கலத்திற்கு முன்னோடியான கருவியை அமைத்தார். ஆனால் தம் உடலையே ஆய்வுக்கருவியாக்கிக் கொண்டது பெருங்கொடுமை. நாக்கிலும் செவியிலும் கண்ணிலும் மின்னோட்டத்தைச் செலுத்தித் தோன்றிய சுவையையும் ஒலியையும் நிறத்தையும் குறித்து வைத்தார். அடுத்தடுத்து இவ்வாறு செய்தமையால் உடல் நைந்தது.

மியூனிக்கு நகரிலிருந்த பவேரிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியதால், அவர் அங்கே குடியேறினார். அந்நாளில், நிலத்தடியிலுள்ள நீரையும் உலோகத்தையும் உணர்வதாகக் கூறிய காம்பெத்தி என்னும் இத்தாலியரை அழைத்துவந்து ஆராயத் தலைப்பட்டார். எதிரிணைக் கொள்கையே அவரை இவ்வழியிலும் செலுத்திற்று. வெள்ளி உப்புப்போல் ஐயமறச் சான்று கூறும் பொருள் இம்முறை வாய்க்கவில்லை. உடன் பணியாற்றிய அறிஞர் நகைத்தனர், கடன் பெருகிற்று, நோய் முற்றிற்று. 1810ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள், தம் 33ஆம் வயதில், வறுமையிடையே அவர் உயிர் நீத்தார்.

இரிட்டர் 1803இல் தம் நண்பராகிய டென்மார்க்கு நாட்டு ஏர்சுடெட்டிற்கு எழுதிய கடிதமொன்றில், வானியற் கணக்கைக் கொண்டு, மின்சாரத்தில் அடுத்த பெருங்கண்டுபிடிப்பு 1819இன் இறுதியிலோ 1820இலோ நிகழும் எனக் குறித்திருந்தார். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்தவர் அந்த ஏர்சுடெட்டே! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே இது. வான்கோள்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அச்செய்தி கேட்டு மகிழ இரிட்டர் இல்லை. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன.