திவான் ராஜா சர் மாதவராவ்

நல்லாட்சி என்றவுடன் நம் நினைவில் எழுபவர் முடிபுனைந்த மன்னரே. மன்னருக்குப் பின்னே அமர்ந்து, கணக்கையும் கட்டளையையும் ஒழுங்கு செய்து, நாட்டின் வண்டி தடம் புரளாமல் ஓட்டிய திவான்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அத்தகையோருள் தலைசிறந்தவர் ராஜா சர் மாதவராவ். காவிரிக் கரையில் பிறந்து, மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்டு, மலையாள நாட்டிலும் மாளவத்திலும் குஜராத்திலும் ஆட்சி நடத்திய அப்பெரியாரின் வரலாறு, மும்பை மாநகரில் வாழும் தமிழராகிய நமக்குப் பெரிதும் ஏற்புடையதாகும்.

மாதவராவ் 1828-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிறந்தார். தஞ்சை மராட்டிய அரசின் காலந்தொட்டுத் தமிழ்நாட்டில் வேரூன்றிய குடும்பம் அவருடையது. தந்தையார் ரங்கராவும் பெரிய தந்தையார் வெங்கட்டராவும் திருவிதாங்கூரில் திவான் பதவி வகித்தவர்கள். சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1846-இல் தேர்ச்சி பெற்ற மாதவராவ், கணிதத்தில் வல்லவராய் விளங்கினார். சிறிது காலம் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராய் இருந்து, 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராய்ச் சென்றார். பிற்காலத்தில் நாட்டையே நிமிர்த்திய அம்மேதை எண்களோடு பழகிய எளிய எழுத்தராய் வாழ்வைத் தொடங்கினார் என்பது, அலுவலகங்களில் பேனா பிடிக்கும் நம் போன்றோர்க்கு ஊக்கந்தரும் செய்தியன்றோ?

1855-இல் அவர் திவான் பேஷ்காராக உயர்ந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. கஜானா வறண்டிருந்தது. ஆங்கில அரசுக்குக் கட்டவேண்டிய கப்பம் நிலுவையில் நின்றது. உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் உரிய காலத்தில் கிட்டவில்லை; சம்பளம் கிட்டாதவன் கைநீட்டுவது இயல்பாயிற்று. ஆட்சி திருந்தாவிடில் நாட்டை இணைத்துக்கொள்ள நேரிடும் என்று ஆங்கிலேயர் அச்சுறுத்திய ஆண்டும் அதுவே. திவான் கிருஷ்ணராவ் 1857-இல் காலமானபின், முப்பது வயதும் நிரம்பாத மாதவராவின் தோள்மீது அப்பாரம் ஏறியது.

நூறு குறைகள் ஒருங்கே நின்று கூக்குரலிடும்போது எதை முதலில் எடுப்பது? இதுவே நிர்வாகியின் அறிவை அளக்கும் உரைகல். விரைவு வண்டிக்கு வழிவிடச் சரக்கு வண்டியைக் கிளைத் தடத்தில் நிறுத்திவைக்கும் நிலைய அதிகாரியைப் போல், மாதவராவும் அலுவல்களை வரிசைப்படுத்தினார். வருவாயை ஒழுங்கு செய்து கடனைக் குறைக்க முற்பட்டார். வணிகத்தைக் கட்டிப்போட்டிருந்த தளைகளை அடுத்து அவிழ்த்தார். மிளகின்மீதிருந்த அரசாங்க ஏகபோகம் 1860-இல் ஒழிந்தது. அதற்கீடாக ஏற்றுமதித் தீர்வை வந்தது. புகையிலை ஏகபோகம் 1863-இல் நீங்கியது. அவ்வாண்டளவில் அரசின் பழைய கடனும் தீர்ந்தது. அதன் பின்னரே, ஏழைகளை அரித்துவந்த நூற்றுக்கு மேற்பட்ட சில்லறை வரிகளை அவர் நீக்கினார். கடன் தீருமுன் வரியை நீக்கியிருப்பாராயின் புகழ் விரைவில் வந்திருக்கும். கஜானா மீண்டும் வறண்டிருக்கும். 

1865-இல் ஆங்கில இந்தியாவோடும் கொச்சியோடும் செய்த வணிக உடன்படிக்கை எல்லைச் சுங்கத் தொல்லையைக் குறைத்தது. அவ்வாண்டே வெளியான பாட்ட விளம்பரம், சர்க்கார் நிலத்தை உழுத குடிகளுக்கு அந்நிலத்தில் முழு உரிமை வழங்கியது. கட்டளைகள் வாய்ச்சொல்லாய் நில்லாமல் எழுத்தில் அமைந்தன. ஆண்டுதோறும் வரவு செலவும் நீதிமன்ற வழக்குகளும் பள்ளிகளும் சாலைகளும் அடங்கிய ஆட்சி அறிக்கை அச்சாயிற்று. தன் கணக்கைப் பிறர் பார்வைக்கு வைக்கும் அரசு தன்னைத்தானே காவல் செய்கிறது. 1866-இல் அவருக்கு சர் பட்டம் கிட்டியது.

ஆயினும் பெரியோர் வாழ்வில் நிழலும் உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய மேற்சாதியார் தடை செய்து கலகம் விளைத்த காலத்தில், 1858 டிசம்பரில் மாதவராவ் பிறப்பித்த அறிவிப்பு, பழைய கட்டளையையும் வழக்கத்தையும் மீற அப்பெண்களுக்கு உரிமையில்லை என்றது. கலகம் அடங்கவில்லை, வீடுகள் எரிந்தன. சென்னை அரசு தலையிட்டது. 1859 ஜூலை 26-இல் வெளியான மன்னரின் விளம்பரம், சில வரம்புகளோடு மேலாடை உரிமையை ஒப்புக்கொண்டது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நினைவு கூரப்படும் போராட்டம் அது. சட்டத்தின்படி ஒழுகுவது அலுவலரின் கடமை. அச்சட்டம் மானத்தைப் பறிப்பதாயின் அதனைத் திருத்த முற்படுவதும் அவர் கடமையே. முதற் கடமையில் தேர்ந்த மாதவராவ், இரண்டாவதில் அன்று தவறினார். மிளகின் தளையை அவிழ்க்க விரைந்த கை, மானத்தின் தளையை அவிழ்க்கத் தயங்கியது. வரிசைப்படுத்துதல் என்னும் கலையில் கணக்குக்கு முன் மனிதன் நிற்க வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஆயில்யம் திருநாள் மன்னரோடு கருத்து வேற்றுமை எழ, 1872-இல் அவர் பதவி துறந்தார். பின்னர் இந்தூரில் 1873 முதல் 1875 வரை ஹோல்கார் அரசின் திவானாய் இருந்தார். அப்போது பரோடாவில் பெருங்குழப்பம் மூண்டது. ஆங்கிலப் பிரதிநிதி கர்னல் பேயருக்கு நஞ்சூட்ட முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு விசாரணைக்குள்ளான மல்ஹார்ராவ் கெய்க்வாட், 1875 ஏப்ரலில் தவறான ஆட்சியின் பேரில் அரியணை இழந்து சென்னைக்கு அனுப்பப்பட்டார். கும்பகோணத்துக் குடிமகன் பரோடாவை ஆள வந்தார். பரோடா மன்னர் தமிழ்நாட்டில் சிறையிருந்தார்! காலத்தின் விளையாட்டு இது.

பரோடாவில் வரிவசூல் இஜாரா முறையில் ஏலம் விடப்பட்டிருந்தது. ஏலம் எடுத்தவன் குடிகளைக் கசக்கிப் பிழிந்தான். அம்முறையை மாதவராவ் அகற்றி, சம்பளம் பெறும் அதிகாரிகளை நியமித்தார், நிலவரியைக் குறைத்தார். பழைய மன்னர்மீது சாகுகாரர்களும் நகை வணிகர்களும் கொணர்ந்த கடன் வழக்குகளை ஆராய்ந்து தீர்த்தார். நீதிமன்றமும் போலீசும் பள்ளிகளும் புதிய ஒழுங்கு பெற்றன. பரோடா கல்லூரி 1881-இல் தொடங்கியது. 1877 தில்லி தர்பாரில் அவருக்கு ராஜா பட்டம் அளிக்கப்பட்டது.

இவையனைத்தினும் சிறந்தது ஒன்றுண்டு. பன்னிரண்டு வயதில் தத்தெடுக்கப்பட்ட இளம் மன்னர் மூன்றாம் சாயாஜிராவுக்கு 1881-இல் அவர் ஆட்சிமுறை பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவன், குடிகளின் நலமே ஆட்சியின் நோக்கம், அனைத்தையும் தானே செய்ய முற்படாமல் தக்கவரிடம் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். அவ்வுரைகள் பின்னர் நூலாயின. அம்மாணவரே பிற்காலத்தில் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொணர்ந்தவர். அண்ணல் அம்பேத்கரின் மேற்படிப்புக்குப் பொருளுதவி செய்தவர். ஆசான் தயங்கிய இடத்தில் மாணவர் முன்னேறிச் சென்றார்.

1882-இல் பரோடாவை விட்டு விலகிய மாதவராவ் சென்னைக்குத் திரும்பினார். 1887-இல் பம்பாயின் பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மகாசபைக்கு வரவேற்புக் குழுத் தலைவராய் விளங்கினார். 1891 ஏப்ரல் 4-ஆம் நாள் மறைந்தார். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே அவர் சிலை நிற்கிறது. அவ்விடமே சிலைச் சந்திப்பு என வழங்குகிறது.

அன்பர்களே, நம்மிற் பலர் அலுவலகத்தில் ஒரு மேசையை மட்டுமே ஆள்பவர்கள். ஆயினும் அம்மேசையின் மீதுள்ள ஒவ்வொரு காகிதத்தின் பின்னும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. எதை இன்றே முடிப்பது, எதை நாளைக்கு வைப்பது என்று தேர்பவர் எவரும் சிறு திவானே. விதியை அறிந்து, வரிசையை உணர்ந்து, மனிதனை மறவாது பணியாற்றுவோமாக.

வாழ்க நல்லோர் நினைவு!