இரட்டைமலையாரின் ஆங்கிலம்

பண்ணைக்காடு, தாண்டிக்குடியிலிருந்து கல்லூரிக்கு மலையிறங்கும் நம் பிள்ளைகளை முதலில் மிரட்டுவது ஆங்கிலம்தான். அவர்களுக்காக இரட்டைமலை சீனிவாசனை நினைக்கிறோம்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் 1859-ல் பிறந்தவர். கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் 400 மாணவர்கள். 10 பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யார் கண்ணிலும் படாமல் வேகமாக வீட்டுக்கு நடப்பார். விளையாட்டே இல்லை. பாடத்தைவிட அந்த நடைதான் கடினம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தப் படிப்பு நீலகிரியில் கணக்கர் வேலை தந்தது. 1893-ல் ‘பறையன்’ இதழ் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்தினால் ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாவர் என்று 3,412 கையெழுத்துகளுடன், 112 அடி நீள மனுவை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். இதை வெள்ளையர் பக்தி என்று ஏசுவோர் உண்டு. அந்த வகுப்பறையில் அவர்கள் உட்கார்ந்ததில்லை.

பிறகு தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காகப் பேசினார். அப்போது வயது 70-ஐத் தாண்டியிருந்தது.