பெயர் எழுதிய அம்மையார்

எங்கள் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில், காய் பழுக்கும் காலத்து அந்தியில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வரும். அவற்றைக் கல்லெறிந்து விரட்டியிருக்கிறேனே தவிர, நின்று பார்த்ததில்லை. என்னை நின்று பார்க்க வைத்தது ஓர் ஓவியம். ஓர் இறக்கையை அகல விரித்து, மற்றொன்றைப் போர்வை போல் மடித்துக் கொண்ட வௌவால் அது. மார்பின் மென்மயிரும் இறக்கையின் நரம்புகளும் அதில் துல்லியமாகத் தெரிகின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தைப் பேராசிரியர் வகுப்பில் காட்டினார். அது தோன்றக் காரணமாயிருந்த மேரி இம்பே அம்மையாரின் வரலாற்றை அன்றுதான் தேடிப் படித்தேன்.

மேரி 1749இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1768இல் வழக்கறிஞர் எலைஜா இம்பேயை மணந்தார். கணவர் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக நியமனம் பெறவே, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டு, 1774இல் அவருடன் இந்தியா வந்தார். மறு ஆண்டே மகாராஜா நந்தகுமாரைத் தூக்கிலிட்ட தீர்ப்பினால் கணவர் தீராப் பழிக்கு ஆளானார். மனைவியோ மாளிகைத் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்து வந்தார்.

அவற்றை வரைய 1777 முதல் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரை அமர்த்தினார். முகலாய மரபில் பயின்ற அக்கைகள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டின. 1783இல் குடும்பம் தாயகத்துக்குப் புறப்பட்டது. 1810இல் லண்டனில் நடந்த விற்பனையில் ஓவியங்கள் பல கைகளுக்குச் சிதறின. 1818இல் அம்மையார் மறைந்தார். இமயமலையின் மோனால் பறவை தன் அறிவியல் பெயரில் இன்றும் இம்பே என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அந்த ஓவியங்கள் பலவற்றில் உடைமையாளர் பெயரோடு வரைந்தவர் பெயரும் எழுதப்பட்டுள்ளது. கூலிக்கு வரைந்தவர் பெயரை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை.

என் தந்தை ஓசூரில் லேத்தில் கடைசல் வேலை செய்பவர். அவர் கடைந்த உறுப்புகள் எத்தனையோ வண்டிகளில் சுழல்கின்றன. எதிலும் அவர் பெயர் இல்லை. இந்த ஓவியத்தை அவரிடம் காட்டினேன். வௌவாலைப் பற்றி ஒன்றும் கேளாமல், வரைந்தவர் யார் என்றுதான் முதலில் கேட்டார். பவானி தாஸ், அல்லது அவர் வழிவந்த ஒருவர் என்று அறிஞர் கருதுவதைச் சொன்னேன். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தது.