நுங்கம்பாக்கத்தில் இருந்து 5 சிறுகோள்கள்... யார் இந்த நார்மன் போக்சன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிச்சு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், லைட் வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம் தெரிஞ்சாலே பெருசு. சென்னை நுங்கம்பாக்கம் இன்னும் மோசம். ஆனால் 160 வருஷத்துக்கு முன்னாடி அதே நுங்கம்பாக்கத்தில் இருந்துதான் ஒருவர் புதுப்புது சிறுகோள்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். புயல் வந்தால் டிவியில் காட்டுவோமே, அந்த வானிலை மைய வளாகம்தான் அன்றைய மெட்ராஸ் வானாய்வகம்.

நார்மன் ராபர்ட் போக்சன், 1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தபோதே 3 சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். 1861-ல் மெட்ராஸ் அரசு வானியலாளராக இங்கே வந்து சேர்ந்தார்.

வேலை என்னன்னா, வானத்தின் ஒரு துண்டை வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்குன்னு ராத்திரி ராத்திரியா தேடுவது. கேமரா கிடையாது, கண்ணும் பொறுமையும்தான். வந்த வருஷமே, ஏப்ரல் 17-ல் ஒன்று சிக்கியது. ஆசியாவில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் பெயரும் 'ஏஷியா'. அப்புறம் சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-ல் வேரா.

இன்னொரு சாதனையும் உண்டு. நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க 1856-ல் அவர் சொன்ன கணக்கு: ஒரு படி இறங்கினால் வெளிச்சம் சுமார் 2.512 மடங்கு குறையும். 5 படி இறங்கினால் 100 மடங்கு. புளூட்டோ, ஏரிஸ் போன்ற தொலைதூரக் குறுங்கோள்களின் மங்கலையும் இன்றைக்கு இதே அளவில்தான் சொல்கிறார்கள்.

அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் பிரகாசம் மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். லண்டன் ராயல் வானியல் சங்கம் 1872-ல் அவரை உறுப்பினராக்கியது.

மகள் கதைதான் வேற. 1856-ல் போக்சன் கண்டுபிடித்த முதல் சிறுகோளுக்கு ஆய்வக இயக்குநர் வைத்த பெயர் 'ஐசிஸ்'. எகிப்திய தெய்வத்தின் பெயர். போக்சனின் மூணு வயசு மகள் எலிசபெத் ஐசிஸின் பெயரும் அதுதான். அந்தப் பொண்ணு வளர்ந்து 1873 முதல் மெட்ராஸில் அப்பாவுக்கே உதவியாளரானார். 1886-ல் மகளை அதே சங்கத்துக்கு அப்பா முன்மொழிந்தார். பெண்களுக்கு இடமில்லை என்று சங்கம் மறுத்துவிட்டது.

போக்சன் கடைசி வரை ஊர் திரும்பவில்லை. 1891-ல் மெட்ராஸில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஐசிஸுக்கு அந்தச் சங்கத்தின் கதவு திறந்தது 1920-ல். அப்போது அவருக்கு வயது 68 ஆகியிருந்தது.