உயிரணு ஆய்ந்த ஜானகி அம்மையார்

தோற்றுவாய்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரி பாயும் மோகனூர், பரமத்திவேலூர்ப் பகுதிகள் கரும்பு விளையும் வளம் மிக்கவை. கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்சும் ஆலைகள் அங்கே பல உள. அத்தோட்டங்களுக்கு அப்பால், ஆற்றங்கரையில் நாணல் வெண்ணிறப் பூக்களுடன் அடர்ந்து நிற்கும். கரும்பு இனிமைக்குப் பெயர் பெற்றது. நாணலோ உழவரால் களை என ஒதுக்கப்படுவது. ஆயினும் இவ்விரண்டும் நெருங்கிய உறவுடைய செடிகளே. இன்று பயிராகும் கரும்பு வகைகளில் நாணலின் கூறும் கலந்துள்ளது. அக்கலப்பின் இயல்பை உயிரணுக்களுள் நோக்கி ஆராய்ந்தவர்களுள் சிறந்தவர் ஜானகி அம்மையார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதியாக விளங்கியவர். தோட்டம் வளர்ப்பதிலும் பறவைகளை உற்று நோக்குவதிலும் பெருவிருப்பம் உடையவர். அவ்விருப்பம் மகளிடத்தும் வேரூன்றியது. பெண்களை இளமையிலேயே மணம் செய்து கொடுப்பது வழக்கமாயிருந்த அந்நாளில், அம்மையார் மணவாழ்வை விரும்பாது கல்வியையே துணையாகக் கொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியப் பணி ஆற்றியபின், அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்று அங்குச் சென்றார். 1931இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

உயிரணுவின் இயல்பு

அம்மையார் கற்ற துறை உயிரணுவியல். செங்கற்களால் வீடு அமைவது போல, உயிர்களின் உடல் உயிரணுக்களால் அமைந்தது. இவற்றைச் செல் என்றும் வழங்குவர். பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களின் உயிரணுவில் உட்கரு தனியே பிரிந்து இராது. செடிகளின் உயிரணுவிலும் விலங்குகளின் உயிரணுவிலும் உட்கருவைச் சூழ்ந்து ஒரு மெல்லிய உறை உண்டு. செடியின் உயிரணுவுக்கு அதனினும் வலிய சுவர் ஒன்று புறத்தே அமைந்திருக்கும். விலங்கின் உயிரணுவுக்கு அச்சுவர் இல்லை. உட்கருவினுள் இழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. பெற்றோரின் இயல்புகள் வழித்தோன்றல்களைச் சென்றடைவது இவ்விழைகளின் வாயிலாகவே. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில்தான் இவை தெளிவாகப் புலப்படும். ஆதலின் ஆய்வாளர், விரைந்து வளரும் வேர் நுனியை எடுத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவர். பொறுமையும் கூரிய பார்வையும் இல்லாதார்க்கு இது கைகூடாது.

கோவையில் ஆற்றிய பணி

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பார்பரும் வெங்கடராமனும் கரும்பையும் நாணலையும் கலந்து, வட நாட்டின் குளிரையும் நோயையும் தாங்கும் புதிய கரும்பை உருவாக்கினர். 1934இல் அம்மையார் அந்நிலையத்தில் சேர்ந்தார்.

இனிய கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோவைப் பகுதி நாணலில் 64. பெற்றோர் இருவரும் தத்தமக்குள்ளனவற்றில் பாதியை அளிப்பதே பொதுவிதி. கரும்பும் நாணலும் கலக்கும்போதோ, தாயாகிய கரும்பு தன் 80ஐயும் அளிக்க, நாணல் 32ஐ மட்டும் அளிக்கும். ஆகவே கலப்பினக் கரும்பில் 112 அமையும். இனிமை பெரிதும் குன்றாமல் நாணலின் வலிமையும் சேர்வதற்கு இவ்வியல்பு துணை நின்றது. அம்மையார் நாணலின் பல வகைகளை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்து கண்ட முடிவையும் 1938இல் வெளியிட்டார்.

அறிஞர் உலகம் போற்றிய அவருக்குப் பணியிடத்தில் அமைதி கிட்டவில்லை. பெண் என்பதாலும், பிறந்த குலத்தாலும், தனித்து வாழ்ந்ததாலும் இன்னல்கள் பல நேர்ந்தன. அவற்றைக் கண்டு அவர் ஆய்வைக் கைவிட்டாரல்லர்.

அயல்நாட்டிலும் தாய்நாட்டிலும்

1939இல் எடின்பரோ நகரில் நிகழ்ந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரக் கன்றுகளைக் கோல்சிசின் என்னும் மருந்தால் ஆராய்ந்தார். நம் செங்காந்தளின் விதையிலும் உள்ள அம்மருந்து, உயிரணு பிரிவதைத் தடுத்துக் குரோமோசோம்களை இருமடங்காக்கும். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா ஒன்று இன்றும் உண்டு.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி, ஷில்லாங் நகரிலிருந்து 37 மைல் தொலைவு சென்றார் அவர். அப்பகுதியில் இருந்தது அஃது ஒன்றே. சென்று கண்டபோது, அது தீக்கிரையாகி இருந்தது. உணவுப் பெருக்கத்திற்காகக் காடுகள் அழிவதை எண்ணி அவர் உள்ளம் வருந்தியது. பயிரை மேம்படுத்த வேண்டிய பண்புகள் காட்டுச் செடிகளிடமும் உள்ளன. காடு அழிந்தால் அவை மீளா என்பதை நாணலை ஆய்ந்த அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

காடு காத்த முதுமை

1970களில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்னாற்றல் பெறத் திட்டம் எழுந்தது. எண்பதை அண்மிய அகவையிலும் அம்மையார் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முற்பட்டார். 1977இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பின்னர் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அதனைக் காண அம்மையார் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில் இயற்கை எய்தினார்.

களை என நாம் கருதும் நாணலும் கரும்புக்கு உரம் அளித்தது. எச்செடியையும் பயனற்றதென அழிக்குமுன் ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பதே அம்மையார் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.