டெஸ்ட் ஆடாத ராம் சிங்

ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச் ஒரே நாளில் முடிஞ்சுபோச்சு, தெரியுமா உங்களுக்கு? 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மைசூர் 48, 59. மெட்ராஸ் 130. அதில் 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங், இடதுகை ஸ்பின்னர். பிறந்தது அமிர்தசரஸ், ஆடியது நம்ம மெட்ராஸுக்கு.

ஆனா ஒரு அதிகாரப்பூர்வ டெஸ்ட்கூட அவர் ஆடலை. கணக்குப் போட்டுப் பாருங்க: அவர் பிறந்தது 1910. 1936 ஆகஸ்ட் முதல் 1946 ஜூன் வரை இந்தியாவுக்கு டெஸ்ட்டே கிடையாது. ஒரு ஸ்பின்னருக்கு அதைவிட நல்ல வயசு ஏது?

பிறகு கோச் ஆனார். சொந்தப் பையன்களும் அவர்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. 1955-ல் மூத்தவர் கிருபால் சிங், நியூசிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே 100 நாட் அவுட். 1960-ல் தம்பி மில்கா சிங்கும் (ஓட்டக்காரர் இல்லை, இவர் வேற!) மெட்ராஸிலேயே அறிமுகம். 1961-ல் பம்பாய் டெஸ்ட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்தே இறங்கினாங்க.